அர்த்தம் மட்டும் சொல்லப்படும்

அர்த்தம் விற்கிற தொழிலைப் போல நிம்மதியான தொழில் வேறில்லை. சரக்கு அழுகாது, எலி தின்னாது, வாங்கிப் போனவர் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தாலும் நமக்கு ஒன்றும் குறைந்துபோவதில்லை.

வாரம் தவறாமல் இங்கிலீஷ் குறுக்கெழுத்துக் கட்டங்களோடு மல்லுக்கட்டி, பென்சில் முனையைக் கடித்துத் துப்பி, "ஒரே ஒரு எழுத்துல போச்சு" என்று சொல்லி வீட்டில் திட்டு வாங்கியிருக்கும் அன்பர்களுக்கு என்னை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலும் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்திருப்பான். நான் ஓசூர்க்காரன். தமிழும் இங்கிலீஷும் படித்துவிட்டு இளவயதில் பம்பாய்க்குப் போய், ஒரு வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் பிரிவில், வந்து குவியும் விடைத்தாள்களைச் சரிபார்க்கும் குமாஸ்தாவாக இருந்தேன். தலை நரைக்கும் சமயத்தில் மார்ச்சளி பிடித்துக்கொண்டது. கடற்காற்று உனக்கு ஆகாது, மேட்டு நிலமாகப் பார்த்துப் போ என்றார் டாக்டர். மேட்டு நிலம் என்றால் எனக்கு ஓசூர்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், ராமண்ணாவின் உடுப்பி ஹோட்டலை ஒட்டி ஒரு சின்ன அறை பிடித்து, அதே பத்திரிகைக்கு ஏஜெண்ட் ஆனேன். பெங்களூர் பஸ்ஸில் கட்டம் அச்சடித்த தாள்கள் வரும். நிரப்பித் தருவதை வாங்கி பம்பாய்க்கு அனுப்புவேன். நிரப்புகிறவர்களுக்கு அர்த்தம் தெரியாத சொல் வந்தால் சொல்லித் தருவேன்.

ஆனால் என்ன எழுதுவது என்று மட்டும் சொல்லமாட்டேன். பரிசுக் கட்டங்களின் சூட்சுமம் உங்களுக்குத் தெரிந்ததுதான். "மழையில் இது நனைந்துவிட்டால் ஏழைக்கு வருத்தம்" என்று குறிப்பு இருக்கும். முதல் எழுத்துக் கட்டம் காலியாக இருக்கும். வுட் என்று விறகையும் எழுதலாம், ஃபுட் என்று சோற்றையும் எழுதலாம். இரண்டும் பொருந்தும். எது சரி என்பது முன்கூட்டியே உறையில் போட்டு ஒட்டி பேங்கில் வைத்த தீர்ப்பு. ஏஜெண்ட் ஒரு பக்கம் சாய்ந்து பேசினால் ஆட்டம் கெட்டுப்போகும். அதனால் கதவில் ஒரு பலகை மாட்டியிருந்தேன்: "இங்கே அர்த்தம் மட்டும் சொல்லப்படும். விடை சொல்லப்படாது."

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனி வருவது புரியாது. என் மனைவி சாரதா என்னோடு வரவில்லை. பம்பாயில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரம்மா. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவளுக்கு வகுப்பு நிறைய பிள்ளைகள். "நீங்க போய் உடம்பைத் தேத்துங்க, நான் யோசிச்சுச் சொல்றேன்" என்று ரயிலடியில் சொன்னாள். உன் இஷ்டம் என்றேன். குளிர்காலத்தில் நான் ஒரு நடை பம்பாய் போய் வருவேன். மற்ற மாதமெல்லாம் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள், நான் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிரெட்

காதர் பாய் கிருஷ்ணகிரியில் மாம்பழ வியாபாரி. பெங்களூருக்குச் சரக்கு ஏற்றிப் போகும்போது லாரியை என் கடை முன்னால் நிறுத்திவிட்டு இறங்குவார். கட்டத்தில் டிரெட் என்று ஒரு சொல் விழுந்திருந்தது. கூடையின் எடையைக் கழித்த பிறகு, வழியில் அழுகலும் சேதமும் ஆகும் என்று வாங்குகிறவருக்கு மேலே போட்டுக் கொடுப்பது என்று சொன்னேன். பாய்க்கு நம்ப முடியவில்லை. அவர்கள் மண்டியில் தினம் நடப்பதுதான். ஒவ்வொரு கூடைக்கும் கழிவுப் பழம் என்று ஒரு கை அள்ளிப் போடுவார்கள். அதற்கு வெள்ளைக்காரன் தனியாகப் பெயர் வைத்து, அகராதியிலும் ஏற்றியிருக்கிறான் என்பதில் அவருக்கு ஒரு பெருமை, ஒரு வருத்தம்.

கட்டத்தை நிரப்பி முடித்ததும் வீட்டில் எப்போது வருகிறார்கள் என்று கேட்டார். தெரியாது பாய் என்றேன். பள்ளிக்கூடம் மூடினால் வரலாம், மூடினாலும் வராமல் இருக்கலாம், இரண்டுக்கும் காரணம் இருக்கிறது என்று விளக்கினேன். அவர் லாரிக்குப் போனவர், திரும்பி வந்து ஒரு கை பெங்களூரா மாம்பழத்தை மேஜையில் உருட்டிவிட்டார்.

"தனியா இருக்கற மனுசன் சார் நீங்க. இது கழிவு. கணக்குல எழுதாதீங்க."

பெருமூச்சு

பம்பாய் ஆபீஸில் வேலை பார்த்தவன் என்பதால் உறைக்குள் இருக்கும் விடை எனக்குத் தெரியும் என்று ஓசூரில் எல்லோரும் நம்பினார்கள். இல்லை என்று நான் மறுக்க மறுக்க, மறுப்பதிலேயே ஏதோ இருக்கிறது என்றார்கள். சொல்லமாட்டான், ஆனால் கவனித்துக்கொண்டிருந்தால் தெரிந்துவிடும் என்பது கட்சி. இந்தக் கட்சிக்குத் தலைவர் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் குமாஸ்தா வெங்கடேசலு. நான் எந்தக் கையால் தாளை எடுத்துக் கொடுக்கிறேன், எந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறேன், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு மூக்கு அரித்தால் ஊரில் பாதிப் பேர் ஒரு சொல்லை அழித்து வேறு சொல் எழுதினார்கள்.

ஒரு வாரம் குறிப்பு இப்படி வந்தது: "பிரிந்து வாழ்கிறவர்களை இது பெரும்பாலும் தாங்கிப் பிடிக்கிறது." ஹோப் என்றும் எழுதலாம், ஹோம் என்றும் எழுதலாம். ஒன்று நம்பிக்கை, மற்றது வீடு என்று வெங்கடேசலுவுக்குச் சொன்னேன். சொல்லும்போது, பம்பாய் வீட்டில் இந்நேரம் சாரதா பால்காரனுக்குக் கதவு திறந்துகொண்டிருப்பாள் என்று ஒரு நினைப்பு. அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது: ஹோப். பிரிந்திருப்பவர்களுக்கு வீடே தாங்கமுடியாததாக இருக்கலாம் என்று கீழே விளக்கம் வேறு போட்டிருந்தார்கள். வெங்கடேசலுவுக்கு மூன்றாம் பரிசு. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு நன்றி சொன்னார்.

"நீங்க ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல. ஆனா நம்பிக்கைன்னப்போ ஒரு பெருமூச்சு விட்டீங்க பாருங்க, அது ரொம்ப கரெக்ட் சார்."

உல்லேஜ்

வாரா வாரம் புதிதாக வரும் சொற்களை அர்த்தத்தோடு கையால் எழுதி, பெங்களூரில் இருந்த சில ஆட்டக்காரர்களுக்கு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவது வழக்கம். நம் பக்கம் மதுவிலக்கு, மைசூர்ப் பக்கம் கடை திறந்திருக்கும் காலம் அது. ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்தி மூட்டை முடிச்சைப் பிரிப்பார்கள். அங்கே இருந்த சப்-இன்ஸ்பெக்டர் என் சீட்டைப் பிரித்திருக்கிறார். முதல் சொல்லே உல்லேஜ்: பீப்பாயில் சாராயம் நிரம்பாமல் மேலே காலியாக விட்டிருக்கும் இடம். இரண்டாவது சொல் குடத்தைப் பற்றி. மூன்றாவது, சரக்கை இரவில் கடத்துகிறவன் என்று பொருள்படும் ஒரு பழைய சொல். அடுத்த பஸ்ஸிலேயே மனிதர் என் கடைக்கு வந்துவிட்டார்.

அகராதியைத் திறந்து காட்டினேன். கட்டத்தைக் காட்டினேன். அவர் சந்தேகத்தோடுதான் படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு ஒரு பென்சில் கேட்டார். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். அறைக்குப் பின்னால் என் குடித்தனம். கதவு திறந்திருந்ததால் இரண்டு நாற்காலி, இரண்டு தட்டு, இரண்டு டம்ளர் எல்லாம் தெரியும். யாருக்கு இன்னொன்று என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். போலீஸ்காரர்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது என்பது என் எண்ணம். அவர் சொன்னது ஆறுதல்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"உள்ள எவ்வளவு இருக்குன்னு பாக்கத்தான்யா எனக்குச் சம்பளம். எவ்வளவு இல்லைன்னு அளந்துக்கிட்டு உக்காந்திருக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

லேகன்

மூழ்கும் கப்பலில் இருந்து கடலில் தள்ளிவிடும் சரக்குக்கு இங்கிலீஷில் பல பெயர் உண்டு. அதில் லேகன் என்பது, பிற்பாடு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கயிறு கட்டி, அடையாளத்துக்கு ஒரு மிதப்பும் கட்டி, கடலடியில் விட்டுப் போன மூட்டை. ஓசூரில் கடல் பார்த்தவர்கள் குறைவு. நான் அர்த்தம் சொன்னபோது யாருக்கும் மனதில் ஏறவில்லை. ஹோட்டல் ராமண்ணாவுக்கு மட்டும் உடனே புரிந்தது. அவருடைய குடும்பம் இன்னும் உடுப்பிப் பக்கத்தில், கடலோரக் கிராமத்தில். மனைவி, மூன்று பெண்கள். வருஷத்துக்கு ஒரு தடவை போவார். காபித் தூள் வாசனையோடு என் வாசலில் வந்து நின்றுகொண்டு, அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவர் ஆட்டக்காரர் இல்லை. ஒரு கட்டம்கூட நிரப்பியதில்லை.

"நாம ரெண்டு பேரும் மூட்டை இல்ல ஸ்வாமி. மூட்டை அங்க பத்திரமா இருக்கு. நாம மிதப்பு."

அஜிஸ்ட்

தளியில் உருளைக்கிழங்கு போடும் முனியப்பாவுக்குக் கட்டத்தில் ஆர்வம் வந்தது அவருடைய மைத்துனனால். கன்னடம்தான் பேச்சு, தமிழ் நன்றாக வரும், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். மலைக் குளிருக்குப் போர்த்திய கம்பளியை ஓசூர் வெயிலிலும் எடுக்கமாட்டார். அஜிஸ்ட் என்றால் என்ன என்று கேட்டு வந்தார். பிறத்தியார் மாட்டைக் கூலிக்குத் தன் நிலத்தில் மேயவிடுவது என்றேன். கோடையில் கீழ்நாட்டு மாடுகள் தளிக் காட்டுக்கு மேய்ச்சலுக்கு ஏறுவதும், மழை விழுந்ததும் இறங்குவதும் அவருக்குத் தெரிந்த விஷயம். சில மாடு இறங்க மறுத்துவிடும் என்றார். கட்டி இழுத்தாலும் நாலு நாளில் மறுபடி மலை ஏறிவிடுமாம்.

ராமண்ணா அந்தச் சமயம் பார்த்து, எங்கள் சாருக்கும் இதே கதைதான் என்று எடுத்துக் கொடுத்தார். எனக்குக் கோபம். சாரதாவை மாட்டோடு சேர்த்துப் பேசுவதைச் சாரதா கேட்டிருந்தால் தளிக்கே நடந்துபோய்ச் சண்டை போட்டிருப்பாள். ஆனால் முனியப்பா கேலி செய்கிற ஆள் இல்லை. பம்பாயில் அம்மாவுக்கு என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், இங்கே வந்தால் பகலெல்லாம் என்ன செய்வார்கள் என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்வி வந்ததும் நான் அகராதியை மூடி ஓரமாக வைத்தேன்.

"இங்க புல்லே போடாம, ஏன் வரல, ஏன் வரலன்னு கேட்டா எப்படி ஸ்வாமி?"

எட்வீ

முனியப்பா சொன்னது தைத்தது. ஓசூரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதன் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் என் வாடிக்கைக்காரர் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். பரிசுக் கட்டம் சூதாட்டம் என்று பிரேயரில் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர். அதனால் குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவர் போல என் வாசலில் நின்று, பார்க்காமலே கையை நீட்டித் தாளை வாங்குவார்.

அந்த வாரம் எட்வீ என்ற சொல் அவரைப் படுத்தியது. குடையை மடக்கி உள்ளேயே வந்துவிட்டார். ஊசி, சின்னக் கத்தரிக்கோல், நூல் இவற்றைப் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறு பெட்டி என்றேன். அவர் கைப்பையைத் திறந்து அதையே எடுத்து மேஜையில் வைத்தார். அவருடைய அம்மா கொடுத்ததாம். எடுத்து வைத்த கையோடு அவர் போயிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்காது. பெட்டியைத் தடவிக்கொண்டு நின்றதால் கேட்டுவிட்டேன்: கணக்கு டீச்சருக்கு இடம் உண்டா. ஜூனில் ஓர் இடம் காலியாகிறது என்றார். உங்கள் மனைவிக்கு இங்கே வர விருப்பமா என்றார். பம்பாயில் சம்பளம் கூடுதல், பென்ஷன் உண்டு, பழகிய பிள்ளைகள். இங்கே காற்று நல்லது, வாடகை குறைவு, நான் இருக்கிறேன் என்று இரண்டு பக்கமும் எடுத்துச் சொன்னேன். அவர் பெட்டியை உள்ளே வைத்து, குடையை விரித்துக்கொண்டார்.

"இடம் இருக்கு. ஆனா இடம் காலியா இருக்குன்னு எந்தப் பொம்பளையும் ஒரு ஊருக்கு வந்துடமாட்டா, மிஸ்டர்."

சட்டம்

சர்க்கார் புதிதாகச் சட்டம் போட்டு, பெரிய பரிசுகள் கூடாது என்றது. பரிசுக் கட்டத்தால் குடும்பங்கள் கெடுகின்றன என்று பேசினார்கள்; பொய் என்று சொல்ல என்னால் முடியாது. பம்பாய்ப் பத்திரிகை பரிசைச் சுருக்கியது, பிறகு பக்கத்தைச் சுருக்கியது, பிறகு ஏஜெண்டுகளுக்கு மரியாதையாக எழுதியது. வெங்கடேசலு துக்கம் விசாரிப்பது போல வந்து, நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து, போய்விட்டார். வாசலில் சைக்கிள்கள் குறைந்தன. டிரெட்டும் லேகனும் யாருக்கும் தேவைப்படவில்லை. பரிசு போனதும் சொற்கள் எல்லாம் ஒரே நாளில் வெறும் சொற்களாகிவிட்டன.

எனக்கு வேறு கவலை. வா என்று யாரையாவது கூப்பிட வேண்டுமானால் கூப்பிடுகிறவனுக்கு ஒரு தொழில் இருக்க வேண்டாமா? நாலைந்து பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன், மனு எழுதித் தருவது என்று ஏதோ ஓட்டினேன். அந்த வருஷம் சாரதாவிடம் இருந்து, கோடை விடுமுறைக்கு ஓசூர் வருகிறேன் என்று சேதி வந்தது. விடுமுறைக்கா, அதற்கு மேலுமா என்று நான் கேட்கவில்லை. கேட்பது அவளை ஒரு பக்கம் தள்ளுவதாகும் என்று நினைத்தேன். ராமண்ணா மட்டும் என் வருத்தம் தொழிலைப் பற்றியது என்று எண்ணித் தன் நஷ்டத்தையும் சேர்த்துச் சொன்னார்.

"உங்க ஆட்டக்காரங்கதான் யோசிச்சு யோசிச்சு காபியை ஆறவெச்சிட்டு, இன்னொரு காபி சொல்லுவாங்க. இனி யாரு சார் அப்படி?"

சாரதா

அவள் வந்த பஸ்ஸை ஜூஜுவாடியில் நிறுத்தி, பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே கணக்குப் புத்தகமும் இங்கிலீஷ் அகராதியும். சப்-இன்ஸ்பெக்டருக்கு உடனே விஷயம் புரிந்து, பெட்டியைத் தானே மூடிக் கொடுத்து, சார் நலமாக இருக்கிறார், இரண்டு தட்டு வைத்திருக்கிறார் என்று நடுரோட்டில் சொல்லியிருக்கிறார். பஸ்ஸே திரும்பிப் பார்த்ததாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மெலிந்திருந்தாள். காதோரம் நரை. பின்கட்டில் அவள் நடமாடும் சத்தம் கேட்கும்போதெல்லாம், முன்னறையில் டியூஷன் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தருவது நின்றுவிடும்.

ஊர் வந்து பார்த்தது. காதர் பாய் கூடையோடு வந்தார். முனியப்பா காலிஃப்ளவர் கொண்டுவந்து, மேய்ச்சல் பேச்சை எடுக்காமல் ஜாக்கிரதையாக உட்கார்ந்திருந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் குடையில்லாமலே வந்து அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். சாயங்காலம் திரும்பிய சாரதா, வகுப்பில் நல்ல வெளிச்சம் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நல்ல வெளிச்சம்தான் என்றேன். மே முடிந்துகொண்டிருந்தது.  தங்குகிறாயா என்று நான் கேட்கவில்லை. உன் இஷ்டம் என்று சொன்னவன் மறுபடி வாயைத் திறக்கலாமா?

ஊருக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் காதர் பாயும் வெங்கடேசலுவும் கடையில் இருந்தபோது, சாரதா காலி விடைத்தாள்களைக் கிழித்து அடுப்புக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள். பாய் நேராகவே கேட்டார், அம்மா இங்கேயே தங்குகிறீர்களா என்று. சாரதா என்னைப் பார்த்தாள். நான் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தேன். பம்பாயில் இன்னும் சில வருஷம் இருந்தால் முழுப் பென்ஷன், இங்கே வந்தால் சம்பளம் குறைவு, ஆனால் உடம்புக்கு நல்லது, அங்கே அவள் சொந்தக்காரர்கள், இங்கே அமைதி. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது பாய், அவள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரிதான் என்று முடித்தேன். அவள் கையில் இருந்த தாளைக் கிழிக்காமல் கீழே வைத்தாள்.

"வந்த அன்னிலேருந்து பாக்கறேன். பம்பாய்க்கும் அர்த்தம் சொல்றீங்க, ஓசூருக்கும் அர்த்தம் சொல்றீங்க. உங்களுக்கு நான் எங்க இருக்கணும்னு ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா? ரயிலடியில யோசிச்சுச் சொல்றேன்னேன். உன் இஷ்டம்னீங்க. உங்களுக்கு நான் வேணாம்போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

கடைசித் தேதி

பாய் தன் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்கடேசலு கதவில் இருந்த பலகையைப் பார்த்தார். ராமண்ணா ஹோட்டலில் யாரோ காபி ஆற்றும் சத்தம் கேட்டது. என் வாயில் நல்ல சொல் ஒன்றும் வரவில்லை. வந்தது இவ்வளவுதான்: நீ இங்கே வந்துவிடு, சாரதா, எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டு இருமினேன். மார்ச்சளி என்று நினைத்திருப்பார்கள். பழைய வழக்கம் விடாமல் வெங்கடேசலுவின் கை சட்டைப் பையில் பென்சிலைத் தேடிற்று. பாய் அந்தக் கையைப் பிடித்து அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

சாரதா கீழே வைத்த தாளை எடுத்து மடித்தாள். பிறகு புடவைத் தலைப்பால் மேஜைத் தூசியைத் துடைத்தாள், தூசி இல்லாத இடத்தையும் துடைத்தாள். பம்பாய்ப் பள்ளிக்கூடத்தில் விலகுவதாக இருந்தால் பரீட்சைக்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமாம். அந்தக் கடைசித் தேதி எப்போதோ தாண்டிவிட்டது. பெரிய வகுப்புக்கு அவள்தான் கணக்கு. பாதியில் விட்டுவிட்டு வர அவளுக்கும் மனசில்லை. இன்னும் ஒரு வருஷம் அங்கே போயாக வேண்டும். மார்ச்சில் இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் இந்த ஜூனிலேயே இங்கே இருந்திருப்பேன் என்று அவள் சொல்லவில்லை. அந்தக் கணக்கை நானே போட்டுக்கொண்டேன். ஓசூர்ப் பள்ளிக்கூடத்து இடம் என்னாவது என்று கேட்டேன். பள்ளிக்கூடம் பார்க்கப் போன அன்றைக்கே அதைப் பேசிவிட்டாளாம்.

"ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஒரு வருஷம் டெம்பரவரி வெச்சு ஓட்டிட்டு, எனக்காகக் காத்திருக்கறேன்னுட்டாங்க. நீங்க?"

பெங்களூர் பஸ்

அவள் புறப்பட்ட காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தது ராமண்ணா. இட்லிப் பொட்டலத்தையும் அவரே நீட்டினார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை வந்தால் ஜன்னலைச் சாத்து, ரயிலில் தண்ணீர் வாங்காதே என்று மற்றதெல்லாம் பேசினோம். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். அப்போது எனக்கு ஒரு பயம், அன்றைக்கு நான் சொன்னது அவள் காதில் சரியாக விழுந்திருக்குமா என்று. ரயிலடியில் சொல்லாததற்கும் சேர்த்து, வந்துவிடு சாரதா என்று மறுபடி சொன்னேன். இஞ்சின் இரைச்சலில் கேட்காதோ என்று இன்னும் உரக்க ஒரு தடவை சொன்னேன். அவள் தலையாட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், போதும் என்பது போலக் கையைக் காட்டினாள். நான் கம்பியை விடவில்லை. கண்டக்டர் படிக்கட்டில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மாவுக்குக் கேட்டாச்சு சார், அத்திப்பள்ளி வரைக்கும் கேட்டாச்சு. கையை எடுத்தீங்கன்னா வண்டி கிளம்பும்."

ஆக, அன்பர்களே, ஊருக்கெல்லாம் அகராதி புரட்டிய நான் எனக்கு வேண்டிய சொல்லைக் கடைசித் தேதி கடந்த பிறகே நிரப்பி அனுப்பினேன். தாள் தள்ளுபடி ஆகவில்லை, பரிசு வரும் ஜூனில் பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்க வேண்டியிருக்கிறது, அதுவரை வருகிற பஸ்ஸை எல்லாம் நான்தான் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.